திரித்துவத்தை மறுப்பவர்கள் எல்லாரும் ஒரே அணியா? நிலைப்பாடுகளைப் பிரித்தறிவது எப்படி?

#1 வினாக்குறி

வேதபாட வகுப்பு ஒன்றுக்கான குறிப்புக்காகக் கேட்கிறேன். ஏற்பவர், மறுப்பவர் என்று இரண்டே கட்டம் போட்டால் பாடம் தப்பாகிவிடும். ஆரியுஸ், சபெல்லியுஸ், யெகோவாவின் சாட்சிகள், “இயேசு மட்டும்” பெந்தெகொஸ்தேக்காரர், யூனிட்டேரியன்கள், மார்மன்கள் என எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி “துர்உபதேசம்” என்று முத்திரை குத்தும் துண்டுப் பிரசுரங்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. ஏற்பவர்களுக்குள்ளும் கிழக்கு, மேற்கு வேறுபாடு உண்டு. ஒரு கொள்கையைக் கையில் கொடுத்தால், அது எந்த இடத்தில் விலகுகிறது என்று கண்டுபிடிக்க என்னென்ன கேட்க வேண்டும்? வசனப் பட்டியல் வேண்டாம், பிரியும் இடம்தான் வேண்டும்.

#2 ஓலைச்சுவடி

நாலு கேள்வி போதும். குமாரன் படைத்தவரின் பக்கமா, படைப்பின் பக்கமா? பிதாவும் குமாரனும் ஒருவரையொருவர் “நீர்” என்று அழைக்கக்கூடிய இருவரா, ஒருவரேயா? மரியாளிடம் பிறக்குமுன் குமாரன் இருந்தாரா? ஆவியானவர் ஓர் ஆளா, தேவனுடைய ஆற்றலா?

இதை வைத்துப் பாருங்கள். 4-ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா குரு ஆரியுஸின் பதில்: படைப்பின் பக்கம், இருவர், பிறக்குமுன் இருந்தார். “அவர் இல்லாதிருந்த ஒரு வேளை இருந்தது” என்பது அவர் தரப்பின் வாசகம். “காலம்” என்ற சொல்லை அதில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் காலத்தையே குமாரன் மூலமாய்த்தான் தேவன் படைத்தார். ஆவியானவரையும் சேர்த்து மூன்று தனித்தனி ஹைபோஸ்டாசிஸ் (தனி இருப்பு) உண்டு என்று ஆரியுஸே தன் ஆயர் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

யெகோவாவின் சாட்சிகளை “நவீன ஆரியர்” (ஆரியுஸ் வழியினர்) என்பார்கள். முதல் மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் நாலாவதில் பிரிகிறார்கள்: ஆவி அவர்களுக்குத் தேவனுடைய செயல்படும் சக்தி, ஆள் அல்ல. குமாரனே பிரதான தூதனாகிய மிகாவேல் என்பதும் ஆரியுஸிடம் இல்லாதது. ஆரியர்கள் குமாரனைத் தொழுதார்கள், சாட்சிகள் தொழுவதில்லை.

16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய இறையியலாளர் சோசினுஸின் வழியினருக்கும், 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய கிறிஸ்டடெல்பியருக்கும் மூன்றாவது கேள்விதான் பிரியும் இடம். கன்னிப் பிறப்பை அப்படியே ஏற்பார்கள். ஆனால் குமாரன் தொடங்கியதே அந்தக் கருவில்தான் என்பார்கள். பிலிப்பைன்ஸில் 1914-இல் பதிவான இக்லேசியா நி கிறிஸ்டோவும் கிறிஸ்து இயல்பில் மனிதர் என்றே போதிக்கிறது.

மார்மன்களிடம் முதல் கேள்வியே சரியாகப் பொருந்தாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி இருப்புகள், நோக்கத்தில் ஒன்று. பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள உடல் உண்டு. இதை ஆரியம் என்று சொன்னால் இரண்டு பேருக்குமே அநியாயம்.

#3 ஒருநாமம்

“இயேசு மட்டும்” பெந்தெகொஸ்தேக்காரரான எங்கள் தரப்பை விட்டுவிட்டீர்கள் ஐயா, நானே சொல்கிறேன். முதல் கேள்விக்கு எங்கள் பதில் முழுக்கத் திரித்துவக்காரர் பதில்தான்: இயேசுவில் இருக்கும் தெய்வீகம் படைக்கப்பட்டதல்ல. கொலோசெயர் 2:9 எங்கள் அஸ்திவார வசனம். பிரிவது இரண்டாவது கேள்வியில். தேவன் ஒருவரே. பிதா என்பது அவருடைய தெய்வீகத்தையும், குமாரன் என்பது மாம்சத்தில் வெளிப்பட்டதையும் குறிக்கும். “நித்திய குமாரன்” என்ற சொற்றொடர் வேதத்தில் இல்லை. குமாரன் பெத்லகேமில் தொடங்குகிறார்.

எங்களை நேராக 3-ஆம் நூற்றாண்டுப் போதகர் சபெல்லியுஸோடு முடிச்சுப் போடுவதும் துல்லியமல்ல. முதலில் பிதா, பிறகு குமாரன், பிறகு ஆவி என்று தேவன் ஒன்றன்பின் ஒன்றாக வேஷம் மாற்றினார் என்பதைத்தான் சபெல்லியம் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. நாங்கள் அப்படிப் போதிப்பதில்லை. இயேசு பூமியில் நடந்தபோதும் அதே தேவன் வானத்தில் ஆண்டுகொண்டிருந்தார், ஒரே நேரத்தில்.

இது எப்போது தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு: 1913-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே அரோயோ செக்கோ முகாம் கூட்டத்தில், அப்போஸ்தலர் இயேசுவின் நாமத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்ற பிரசங்கத்தில். 1914 ஏப்ரலில் மறு ஞானஸ்நானங்கள் தொடங்கின. 1916-இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் அமைப்பு திரித்துவத்தைத் தன் விசுவாச அறிக்கையில் எழுதி வைத்தபோது 150-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள்.

#4 தெளிநீர்

ஒருநாமம் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. சபெல்லியுஸ் உண்மையில் என்ன சொன்னார் என்பது அவருடைய எதிரிகளின் எழுத்திலிருந்துதான் தெரிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ரோமில் அவரை விலக்கியவர் திருத்தந்தை கலிஸ்துஸ், சுமார் 220-இல். அந்தக் கலிஸ்துஸையே அதே பக்கம் சாய்ந்தவர் என்று இப்போலித்துஸ் திட்டியிருக்கிறார்.

கேட்க வேண்டியது ஒன்று உண்டு. யோவான் 17:5: “உலகம் உண்டாகிறதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கு உண்டாயிருந்த மகிமை”. மகன் பெத்லகேமில் தொடங்கினார் என்றால் இங்கே பேசுகிற “நான்” யார்? மனித இயல்பு பேசுகிறது என்றால் அதற்கு உலகத்துக்கு முன்னே மகிமை இல்லை. இறையியல்பு பேசுகிறது என்றால் “உம்மிடத்தில்” என்பதற்கு எதிரே இருப்பவர் யார்?

வகுப்பு எடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே தண்ணீர் மூன்று நிலைக்கு மாறுகிறது என்றால் அது நிலைமாற்றக் கொள்கை, அதாவது ஒருநாமம் கூடத் தன்னுடையதல்ல என்று மறுக்கும் கொள்கை. இதற்கு மறுப்பாக மும்மைப் புள்ளியைக் காட்டுவார்கள்: 0.01 டிகிரி செல்சியஸிலும் சுமார் 612 பாஸ்கல் அழுத்தத்திலும் மூன்று நிலையும் சேர்ந்தே இருக்கும். இருக்கும்தான். ஆனால் அந்தப் பாத்திரத்தில் பனிக்கட்டியாக இருக்கிற மூலக்கூறு அந்தக் கணத்தில் நீராவியாக இல்லை. ஆக, மூன்று பங்காகப் பிரிந்த தண்ணீர்தான் மிஞ்சுகிறது. தந்தை கடவுளில் மூன்றில் ஒரு பங்கு என்று எந்த ஆயர் சங்கமும் சொன்னதில்லை. ஒரு தவறிலிருந்து தப்பி நேர் எதிர்த் தவறில் விழுகிறது இந்த உவமை.

#5 ஒருநாமம்

யோவான் 17:5-க்கு எங்கள் பதில்: தேவனுடைய திட்டத்தில் இருந்த மகிமை. உலகத்தோற்றத்துக்கு முன்னே குறிக்கப்பட்டவர் என்று 1 பேதுரு 1:20 சொல்கிறது. குறிக்கப்பட்டது வேறு, ஏற்கெனவே ஆளாக இருந்தது வேறு. ஜெபம் செய்கிறவர் உண்மையான மனிதர். அவருக்கு மனித மனமும் சித்தமும் உண்டு. அந்த மனிதர் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். கெத்செமனேயில் “என் சித்தத்தின்படியல்ல” என்றதும் அதுவே.

#6 ஏகன்

வினாக்குறி இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்: ஒருநாமம் இப்போது 17:5-க்குக் கொடுத்த விளக்கமும் சோசினியர் கொடுக்கும் விளக்கமும் ஏறக்குறைய ஒன்றே. இயேசு முழுமையாகத் தேவனே என்பவரும், இயேசு தேவனே அல்ல என்பவரும் ஒரே வாதத்தைப் பயன்படுத்துகிறார்கள். இருவருக்கும் பொது, முன்னிருப்பை மறுப்பது. அதனால் ஒரு வசனத்துக்கான விளக்கத்தை மட்டும் வைத்து ஒருவர் எந்த அணி என்று தீர்மானிக்க முடியாது.

யூனிட்டேரியனாகிய என் தரப்பு: யோவான் 17:3-இல் இயேசு பிதாவை “ஒன்றான மெய்த்தேவன்” என்கிறார், தன்னை அவர் அனுப்பினவராகத் தனியே வைக்கிறார். 1 கொரிந்தியர் 8:6-இல் பவுல் “பிதாவாகிய ஒரே தேவன்” என்று தேவன் என்ற பெயரைப் பிதாவுக்கே கொடுக்கிறார். மாற்கு 13:32-இல் நாள் குமாரனுக்கும் தெரியாது. மனித இயல்புக்குத் தெரியாது, தெய்வ இயல்புக்குத் தெரியும் என்று பிரித்தால், ஆவியானவருக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லை. “பிதா ஒருவர் தவிர” என்றுதான் வசனம் முடிகிறது.

எங்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை, அதையும் பதிவு செய்யுங்கள். இயேசுவை நோக்கி ஜெபிக்கலாமா என்பதில் 16-ஆம் நூற்றாண்டிலேயே உடைந்தது. சோசினுஸ் கூடும் என்றார். திரான்சில்வேனியாவில் ஃபெரென்ஸ் டேவிட் கூடாது என்றார். அவரை மாற்றச் சோசினுஸே நேரில் போய் வாதிட்டும் பலிக்கவில்லை. டேவிட் 1579-இல் தேவா கோட்டைச் சிறையில் இறந்தார். 1605-இல் போலந்தின் ராகோவில் வெளிவந்த வினாவிடை நூல் சோசினுஸின் வழியைப் பின்பற்றி கிறிஸ்துவுக்கு வணக்கம் உண்டு என்றே எழுதியது.

#7 தெளிநீர்

1 கொரிந்தியர் 8:6-ஐப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். “இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு, அவர்மூலமாய்ச் சகலமும் உண்டாயிருக்கிறது” என்று தொடர்கிறது. இணைச்சட்டம் 6:4-இன் கிரேக்க வாசகத்தில் தேவன், கர்த்தர் என்ற இரண்டு சொல்லும் ஒருவரையே குறிக்கின்றன. பவுல் அந்த இரண்டையும் எடுத்து ஒன்றைத் தந்தைக்கும் மற்றதை இயேசுவுக்கும் கொடுக்கிறார். யூதர் ஒருவர் தினமும் சொல்லும் அறிக்கைக்குள் இயேசுவைக் கொண்டுவந்து வைப்பது சாதாரண மரியாதை அல்ல. “அவர்மூலமாய்ச் சகலமும்” என்றால் அந்தச் சகலத்துக்குள் அவர் அடங்கமாட்டார்.

மாற்கு 13:32 கடினமான இடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆரியத்தை எதிர்த்த 4-ஆம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியுஸ் காலத்திலேயே அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் இருந்தன.

#8 ஏகன்

“மூலமாய்” என்ற சொல்லே முகவரைக் காட்டுகிறது, மூலகாரணரை அல்ல. அதே வசனத்தில் பிதாவுக்கு வேறு உருபு வருகிறது. இதில் நாம் இருவரும் இந்த இழையில் ஒத்துப்போகப் போவதில்லை, விட்டுவிடுவோம். வேறொன்று கேட்கிறேன்: பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனித இயல்பு ஒன்றே. அவர்களை மூன்று மனிதர் என்கிறோம். ஒரே இயல்புள்ள மூவரை மட்டும் ஏன் மூன்று தேவர்கள் என்று சொல்லக்கூடாது?

#9 கீழ்த்திசை

இதே கேள்வியை, இதே மூன்று பெயர்களோடு, 4-ஆம் நூற்றாண்டு ஆயர் நீசா கிரகோரியிடம் அபிலாபியுஸ் என்பவர் கேட்டிருக்கிறார். அந்தப் பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. சாரம் இதுதான்: மூன்று மனிதர்கள் ஒரே தொழில் செய்தாலும் அவரவர் தனித்தனியாகச் செய்கிறார்கள். மூன்று பேச்சாளர் பேசினால் மூன்று பேச்சு. ஆனால் தெய்வச் செயல் அப்படிப் பங்கு பிரிவதில்லை. ஒவ்வொரு செயலும் பிதாவிலிருந்து தொடங்கி, குமாரன் வழியாகச் சென்று, ஆவியானவரில் நிறைவேறுகிறது. நமக்கு உயிர் கொடுத்தவர் மூவர், ஆனால் மூன்று உயிர் கிடைக்கவில்லை.

மூவரையும் பிரித்துக் காட்டுவது அவர்களுடைய திறமையோ வேலையோ அல்ல, தோற்ற உறவு மட்டுமே. பிதா பிறவாதவர், குமாரன் பிறந்தவர், ஆவியானவர் புறப்படுகிறவர். இதைத் தாண்டி “பிதா படைக்கிறார், குமாரன் மீட்கிறார், ஆவியானவர் பரிசுத்தமாக்குகிறார்” என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்தான் பல வகுப்புகள் வழி தவறுகின்றன. மூவரும் சேர்ந்தே படைக்கிறார்கள்.

#10 வினாக்குறி

மிக உதவியாக இருக்கிறது. அடுத்த கேள்வி: இதெல்லாம் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் நைசியா சங்கத்தில் ஓட்டெடுத்துத் திணித்தது என்று அடிக்கடி சொல்கிறார்களே. அங்கே எடுத்த ஹோமோஊசியோஸ் (“ஒரே சாரமுள்ளவர்”) என்ற சொல்லும் வேதத்தில் இல்லை.

#11 ஓலைச்சுவடி

சொல் வேதத்தில் இல்லை என்பது சரி. நைசியாவுக்கு வந்த ஆயர்கள் பலருக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. போதாக்குறைக்கு 268-இல் அந்தியோக்கியாவில் அந்த ஊர் ஆயர் சமோசாட்டா பவுலைக் கண்டித்த சங்கம் அதே சொல்லை வேறு பொருளில் நிராகரித்திருந்தது. பிறகு ஏன் எடுத்தார்கள்? வேதச் சொற்களை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தபோது ஆரியுஸ் தரப்பு ஒவ்வொன்றையும் தன் பொருளில் ஏற்றுக்கொண்டது என்று அத்தனாசியுஸ் எழுதுகிறார். “தேவனிடத்திலிருந்து வந்தவர்” என்றால், எல்லாமே தேவனிடத்திலிருந்துதானே வந்தன என்றார்கள். அவர்கள் எந்தப் பொருளிலும் ஏற்க முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது.

திணித்த கதை எங்கே உடைகிறது என்றால், 325-க்குப் பிறகு நடந்ததில். கையெழுத்திட மறுத்து ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்டவர்கள் லிபியாவைச் சேர்ந்த இரண்டு ஆயர்கள். ஆனால் சில ஆண்டுகளில் கான்ஸ்டன்டைன் ஆரியுஸையே திரும்ப அழைத்தார். 337-இல் மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸின் ஆதரவாளரான நிக்கோமேதியா யூசேபியுஸ். அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார், மொத்தம் சுமார் 17 ஆண்டுகள். 357-இல் சிர்மியத்தில் ஊசியா (சாரம்) என்ற சொல்லையே யாரும் பயன்படுத்தக் கூடாது என்று எழுதினார்கள்.

359-இல் ரிமினியில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாசகம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. மேற்கத்திய ஆயர்கள் நானூறுக்கு மேல் கூடினார்கள், முதலில் நைசியாவையே உறுதி செய்தார்கள். பேரரசர் கான்ஸ்டான்ஷியுஸிடம் போன தூதுக்குழு திரேசில் உள்ள நிக்கே என்ற ஊரில் நிறுத்தப்பட்டு வேறோர் அறிக்கையில் கையெழுத்திட வைக்கப்பட்டது. நைசியா என்று மக்கள் குழம்பட்டும் என்றே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ரிமினியில் காத்திருந்தவர்களை ஊருக்குப் போகவிடவில்லை. கடைசியில் முர்சா ஆயர் வாலென்ஸ் எழுந்து, தான் ஆரியன் அல்ல என்று சொல்லி, “குமாரன் மற்றப் படைப்புகளைப் போன்ற படைப்பு என்பவன் சபிக்கப்பட்டவன்” என்றார். எல்லாரும் மகிழ்ந்து கையெழுத்திட்டார்கள். திரும்பப் படித்துப் பாருங்கள். படைப்பே அல்ல என்றும் கொள்ளலாம். படைப்புதான், ஆனால் மற்றவை போன்றதல்ல என்றும் கொள்ளலாம். ஆரியுஸ் தானே எழுதிக் கொடுத்த வாசகம் இரண்டாவதற்கு மிக நெருக்கம்.

381-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் 150 ஆயர்கள் முடித்தபோதுதான் இன்று ஆராதனையில் சொல்லும் அறிக்கையின் வடிவம் கிடைத்தது. நைசியாவின் வாசகம் “பரிசுத்த ஆவியையும்” என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. 381-இன் வாசகம் “பிதாவோடும் குமாரனோடும் தொழப்பட்டு மகிமைப்படுத்தப்படுகிறவர்” என்று சேர்த்தது. ஆனால் அதிலும் ஆவியானவரை நேரடியாகத் தேவன் என்றோ ஹோமோஊசியோஸ் என்றோ எழுதவில்லை. ஆவியானவரின் தெய்வத்தன்மையை மறுத்த 36 ஆயர்களை இணைத்துக்கொள்ளும் முயற்சி அது. அவர்கள் எப்படியும் வெளியேறிவிட்டார்கள்.

#12 ஏகன்

வரலாறு சரி, ஆனால் ஒரு தேதி விடுபட்டுவிட்டது. 381 சங்கத்துக்கு முன்பே, 380 பிப்ரவரி 27-ஆம் தேதி, தியோடோசியுஸ் பேரரசர் திரித்துவ விசுவாசத்தைச் சட்டமாக்கி மற்றவர்களைப் பைத்தியக்காரர் என்று எழுதிவிட்டார். வாதம் முடிந்து சட்டம் வரவில்லை. 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் திரித்துவத்தை மறுத்த செர்வேத்துஸ் உயிரோடு எரிக்கப்பட்டதும் இந்தப் போதனையின் பெயரால்தான். பாடத்தில் இதற்கும் இடம் இருக்கட்டும்.

#13 தெளிநீர்

இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது.

#14 கீழ்த்திசை

ஏற்பவர்களுக்குள் உள்ள பிளவுக்கு வருகிறேன். 381-இன் வாசகத்தில் ஆவியானவர் “பிதாவிலிருந்து புறப்படுகிறார்”, யோவான் 15:26 அப்படியே. மேற்கில் “குமாரனிலிருந்தும்” என்று சேர்த்தார்கள். ஸ்பெயினில் 589-ஆம் ஆண்டு தொலேதோ சங்கம் இதோடு தொடர்புள்ளது. அங்கே விசிகோத் மன்னர் ரெக்கரேது ஆரியத்தை விட்டு வந்த சமயம். குமாரனுக்குப் பிதாவுக்குச் சமமான இடம் உண்டு என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ரோம் அவசரப்படவில்லை. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் லியோ அந்தச் சேர்க்கை இல்லாத வாசகத்தை வெள்ளித் தகடுகளில் பொறித்து வைத்தார். 1014-இல்தான் ரோமின் திருப்பலியில் அது நுழைந்தது.

கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபையினரான எங்கள் மறுப்பு இரண்டு தனி மறுப்புகள். பொதுச் சங்கத்தின் வாசகத்தை ஒரு பகுதிச் சபை தனியாக மாற்ற அதிகாரம் இல்லை என்பது ஒன்று. பிதாவே ஒரே ஊற்று என்பது இரண்டாவது: ஊற்றாக இருப்பது பிதாவின் தனித்தன்மை என்றால் அதைக் குமாரனோடு பகிர முடியாது. எல்லா மூவருக்கும் பொது என்றால் ஆவியானவர் தன்னிலிருந்தே புறப்பட வேண்டியதாகும். இருவருக்கு மட்டும் பொது, மூன்றாமவருக்கு இல்லை என்பது எதில் அடங்கும்?

இங்கே ஒரு பழைய சூத்திரத்தை எறிந்துவிடச் சொல்வேன்: “கிழக்கு மூவரிலிருந்து தொடங்கி ஒன்றுக்கு வருகிறது, மேற்கு ஒன்றிலிருந்து தொடங்கி மூவருக்கு வருகிறது”. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையாளர் டி ரெனியோனின் எழுத்திலிருந்து பரவியது. அகுஸ்தீனும் ஆவியானவர் முதன்மையாகப் பிதாவிலிருந்து புறப்படுகிறார் என்றே எழுதியிருக்கிறார்.

கோப்து, சிரிய, அர்மேனியச் சபைகள் பிரிந்தது 451-இன் கால்செதோன் சங்கத்துக்குப் பிறகு கிறிஸ்துவின் இயல்புகளைப் பற்றிய சிக்கலில். திரித்துவத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் வேறுபாடில்லை. இரண்டையும் பலர் குழப்புகிறார்கள்.

#15 தெளிநீர்

உங்கள் இரண்டாவது மறுப்புக்கு 1274 லியோன் சங்கத்தின் பதில்: இரண்டு ஊற்றுகளிலிருந்து அல்ல, ஒரே ஊற்றிலிருந்து போல. அது உங்களுக்குப் போதாது என்று தெரியும். முதல் மறுப்பில் உங்களுக்கு அதிக நியாயம் இருக்கிறது. 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட விளக்கம், கிரேக்க வாசகத்தில் அந்தச் சேர்க்கை கூடாது, லத்தீன் வழிபாட்டு முறையினர் கிரேக்கத்தில் சொன்னாலும் கூடாது என்று ஒப்புக்கொண்டது. கிரேக்கத்தில் அந்த வினைச்சொல் முதல் ஊற்றிலிருந்து புறப்படுவதற்கு மட்டுமே வரும். லத்தீனில் அதைவிட விரிவாக வரும்.

#16 வினாக்குறி

சீர்திருத்தச் சபைகளில் சிலர் “குமாரன் பிதாவுக்கு நித்தியமாகக் கீழ்ப்படிகிறார்” என்று போதிக்கிறார்களே, அது எந்த இடத்தில் நிற்கிறது?

#17 ஓலைச்சுவடி

2016-இல் சுவிசேஷகச் சபைகளுக்குள் பெரிய வாக்குவாதமாக வெடித்த விஷயம். நாலு கேள்விக்கும் அவர்கள் பதில் நைசியாவின் பதில்தான், அதனால் அவற்றில் சிக்காது. சோதிக்க வேண்டியது சித்தம். 680–681-இல் மூன்றாம் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் கிறிஸ்துவுக்கு இரண்டு சித்தம் என்றது, ஏனென்றால் அவருக்கு இரண்டு இயல்பு. ஆகவே சித்தம் இயல்பைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்தது அல்ல. தெய்வ இயல்பு ஒன்று என்றால் தெய்வச் சித்தமும் ஒன்று. ஒரே சித்தம் தனக்கே கீழ்ப்படிவது எப்படி? கீழ்ப்படிதல் மனிதரான குமாரனின் மனித சித்தத்தில் என்றால் சிக்கல் இல்லை. நித்தியத்தில் என்றால் இரண்டு தெய்வச் சித்தம் வேண்டும், இல்லையேல் “கீழ்ப்படிதல்” என்பதன் பொருளை மாற்ற வேண்டும். ஆதரிப்பவர்கள் இரண்டாவது வழியை எடுக்கிறார்கள்: சித்தம் ஒன்றே, பிதா அதைப் பிதாவாகவும் குமாரன் குமாரனாகவும் கொண்டிருக்கிறார் என்று. என் மதிப்பீட்டில் அப்போது அது தோற்ற உறவுக்கு இன்னொரு பெயராகிவிடுகிறது, அதிகாரம் என்ற சொல்லுக்கு வேலையில்லை.

மூவரை அன்பில் இணைந்த சமூகம் என்று விளக்கும் நவீன இறையியலாளர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். மூன்று மனம், மூன்று சித்தம் என்று பதில் வந்தால் அபிலாபியுஸின் கேள்வி திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

#18 ஏகன்

வசனப் பட்டியல் வேண்டாம் என்றீர்கள், இருந்தாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1 யோவான் 5:7-இல் “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்” என்பதைத் திரித்துவத்துக்கு ஆதாரமாக வைக்காதீர்கள். 14-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எந்தக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதியிலும் அது மூல வரியில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு, 1522 பதிப்பில் சேர்த்தார். அவர் கைக்கு அப்போது வந்த பிரதி ஏறக்குறைய அந்தச் சமயத்திலேயே எழுதப்பட்டது; இப்போது டப்ளினில் இருக்கிறது.

#19 தெளிநீர்

முழு உடன்பாடு. 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத் தந்தையர் கையில் அந்த வாக்கியம் இருந்திருந்தால் ஆரியருக்கு எதிராக எடுத்திருக்க மாட்டார்களா? எடுக்கவில்லை. அது இல்லாமலேதான் நைசியா நின்றது.

மறுபக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை. மத்தேயு 28:19 பிற்காலச் செருகல் என்ற வாதம், 4-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் செசரியா யூசேபியுஸ் பல இடங்களில் “என் பெயரால்” என்று சுருக்கி எழுதியதை நம்பியிருக்கிறது. அந்த வசனம் உள்ள எல்லாக் கிரேக்கப் பிரதிகளிலும் மூன்று பெயரும் இருக்கின்றன. மிகப் பழைய திருச்சபைக் கையேடான திதாக்கேயின் 7-ஆம் பகுதியிலும் அதே சூத்திரம்: ஓடும் நீர், இல்லாவிட்டால் வேறு நீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், எதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று.

#20 ஒருநாமம்

திதாக்கேயின் 9-ஆம் பகுதியில் “கர்த்தரின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்” என்றும் வருகிறது, அதையும் சொல்லுங்கள். 866-இல் பல்கேரியருக்கு எழுதிய பதிலில் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், கிறிஸ்துவின் நாமத்தில் மட்டும் பெற்றவர்களுக்கும் மறு ஞானஸ்நானம் தேவையில்லை என்றார்.

#21 வினாக்குறி

அப்படியானால் நடைமுறையில் யார் யாருடைய ஞானஸ்நானத்தை ஏற்கிறார்கள்?

#22 தெளிநீர்

கத்தோலிக்கரில் இன்றைய நடைமுறை: தண்ணீர் வேண்டும், தந்தை, மகன், தூய ஆவியின் பெயர் வேண்டும், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் வேண்டும். இதனால் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளிலிருந்து வருபவர்களுக்கு மறுபடி கொடுப்பதில்லை. மார்மன்கள் அதே மூன்று பெயரைச் சொல்கிறார்கள், தண்ணீரில் மூழ்க வைக்கிறார்கள். ஆனாலும் 2001 ஜூன் 5-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் செல்லாது என்று தீர்த்தது, அந்தப் பெயர்களால் அவர்கள் குறிப்பது வேறு என்பதால். 2008-இல் “படைத்தவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர்” என்று மாற்றிச் சொன்னதும் செல்லாது என்று தீர்ந்தது. கீழ்த்திசை முன்பு சொன்ன காரணம்தான்: அவை மூவருக்கும் பொதுவான செயல்கள், ஆட்களின் பெயர்கள் அல்ல.

#23 ஒருநாமம்

எங்கள் சபைகளில் திரித்துவ முறையில் பெற்றவர்களுக்கு இயேசுவின் நாமத்தில் மறுபடி கொடுக்கிறோம். அப்போஸ்தலர் 2:38, 8:16, 10:48, 19:5 நான்கிலும் இயேசுவின் நாமமே வருகிறது. 19:5-இல் ஏற்கெனவே யோவானின் ஸ்நானம் பெற்றவர்களுக்கே மறுபடி கொடுத்தார் பவுல்.

#24 கீழ்த்திசை

381 சங்கத்தின் பெயரில் வழங்கும் 7-ஆம் விதியை வகுப்பில் படித்துக் காட்டலாம். நீங்கள் கேட்ட பிரித்தறிதலை அன்றைக்கே செய்திருக்கிறார்கள். ஆரியரும் ஆவியானவரை மறுத்தவர்களும் வந்தால் தங்கள் போதனையை எழுத்தில் மறுத்து, தைலப் பூச்சு பெற்றால் போதும், ஞானஸ்நானம் மறுபடி இல்லை. எவுனோமியரும் சபெல்லியரும் வந்தால் முதலிலிருந்து ஞானஸ்நானம். எவுனோமியுஸ் ஆரியத்தின் கடும் பிரிவு, சபெல்லியம் அதற்கு நேர் எதிர், இரண்டும் ஒரே பட்டியலில். எவுனோமியர் ஒரே முறை மூழ்க வைத்ததை விதியே குறிப்பிடுகிறது.

இதை வைத்து “ஒரு முறை மூழ்கினால் துர்உபதேசம்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்பெயினில் நிலைமை தலைகீழ். அங்கே ஆரியர்கள் மூன்று முறை மூழ்க வைத்து, அதையே மூவருக்குள் தரவேறுபாடு இருப்பதற்கு அடையாளம் காட்டினார்கள். அதனால் பெரிய கிரகோரி 591-இல் செவில்லே ஆயர் லெயாந்தருக்கு, மூன்றும் சரி, ஒன்றும் சரி, ஆனால் உங்கள் ஊரில் ஒன்றே போதும் என்று எழுதினார். 633-இல் நான்காம் தொலேதோ சங்கம் ஒரு முறை மட்டும் என்று விதித்தது. ஆகவே ஒரு சபை எத்தனை முறை மூழ்க வைக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த எண்ணுக்கு அவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

#25 வினாக்குறி

குறித்துக்கொண்டேன். நாலு கேள்வி, சித்தம் பற்றிய ஐந்தாவது, ஆவியானவரின் புறப்பாடு ஆறாவது. 7-ஆம் விதியையும் ரிமினி வாசகத்தையும் அப்படியே படிக்கக் கொடுக்கப் போகிறேன். தண்ணீர் உவமையை எடுத்துவிட்டேன்.